உயிலில் எழுதப்பட்ட மனிதர்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். கிரயம், உயில், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் என்று நாள் முழுக்க சொத்து விவரம் எழுதுவதுதான் வேலை. அமெரிக்க அடிமை முறை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு, உள்நாட்டுப் போருக்கு முந்தைய தென் மாநிலங்களின் நீதிமன்றப் பதிவுகளை இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். இறந்துபோன ஒரு பண்ணையாரின் சொத்துப் பட்டியல் கிடைத்தது. ஒரு ஜோடி எருது, ஒரு வண்டி, ஒரு இறகு மெத்தை. அடுத்த வரியில் ஒரு பெண்ணின் பெயர், கூடவே "குழந்தையும்" என்று ஒரு சொல், எதிரே ஒரு தொகை. நான் தினமும் எழுதுகிற அதே முறை. அதற்கு மேல் படிக்க ஓடவில்லை.

எனக்குச் சில சந்தேகங்கள். மனிதர்களையும் மாடுகளையும் ஏன் ஒரே பட்டியலில் எழுதினார்கள்? இரண்டாவது, உயில்களின் மொழி அன்பாகவே இருக்கிறது. "என் பிரியமுள்ள மகளுக்கு" என்று ஆரம்பித்து, இன்ன பெண்ணைத் தருகிறேன் என்கிறார்கள். சந்தையில் முன்பின் தெரியாதவனிடம் விற்கப்படுவதைவிட, வாரிசுகளிடம் போய்ச் சேர்வது தேவலை அல்லவா? தெரிந்த வீடு, தெரிந்த முகம். வாரிசுரிமை சந்தையின் கொடுமையைக் கொஞ்சமாவது தணித்தது என்று சொல்லலாமா? கடைசியாக ஒன்று. ஜார்ஜ் வாஷிங்டன் தன் உயிலில் அடிமைகளை விடுவித்தார் என்று படித்திருக்கிறேன். அவரால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை? அந்தக் குடும்பங்களைச் சேர்த்து வைக்க நினைத்தவர்கள் யாருமே இல்லையா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது.

தேவலை இல்லை. எஜமான் செத்த நாளைப் போல அடிமைக் குடும்பங்கள் அஞ்சி நடுங்கிய நாள் வேறு இல்லை. அவன் நல்லவனாக இருந்தாலும் சரி, கொடியவனாக இருந்தாலும் சரி. அவன் உயிரோடு இருக்கும்வரை அவனுடைய குணம் அறிந்து, எதற்கு அடிப்பான், எதற்கு இறங்குவான் என்று தெரிந்துகொண்டு காலத்தை ஓட்டலாம். செத்த அன்றே அதெல்லாம் செல்லாமல் போய்விடும். அப்புறம் பேசுவது சட்டமும் கடன்காரர்களும்தான்.

பிரெடரிக் டக்ளஸ் பிற்காலத்தில் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் மாபெரும் பேச்சாளர். பிறந்தது மேரிலாந்தின் டால்பட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல), ஆரன் ஆந்தணி என்பவரின் உடைமையாக. 1826 நவம்பரில் ஆந்தணி உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். சிறுவன் டக்ளஸ் அப்போது பால்டிமோர் நகரத்தில், ஆந்தணியின் மருமகனுடைய சகோதரர் வீட்டில் இருந்தார். அங்கே கொஞ்சம் எழுத்தும் கற்றிருந்தார். பாகம் பிரிப்பதற்கு முன் சொத்து முழுவதும் ஓரிடத்தில் கூடி மதிப்புப் போடப்பட வேண்டும் இல்லையா? அதனால் 1827-ல் அந்த ஒன்பது வயதுப் பையனைக் கப்பலேற்றி ஊருக்கு வரவழைத்தார்கள். அன்று நடந்ததைத் தன் சுயசரிதையில் அவர் விவரித்திருக்கிறார். ஆண்கள், பெண்கள், கிழவர்கள், குழந்தைகள் எல்லோரையும் குதிரை, ஆடு, பன்றிகளோடு சேர்த்து நிறுத்தி, பல்லையும் உடம்பையும் பார்க்கிற அதே பார்வையால் பார்த்தார்கள். மதிப்புப் போட்டு முடிந்ததும் பங்கு. யார் யாரிடம் போவது என்பதில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இடமில்லை.

எல்லோரும் பயந்தது ஆந்தணியின் மகன் ஆண்ட்ரூவின் பங்கில் விழுந்துவிடுவோமோ என்றுதான். ஆண்ட்ரூ குடிகாரன். பங்கு பிரிப்பதற்குச் சில நாள் முன்புதான் டக்ளஸின் தம்பியைத் தொண்டையைப் பிடித்துத் தூக்கிக் கீழே எறிந்து, மூக்கிலும் காதிலும் ரத்தம் வரும்வரை பூட்ஸ் காலால் தலையில் மிதித்திருந்தான். மிதித்துவிட்டு டக்ளஸைப் பார்த்து, ஒருநாள் உனக்கும் இதுதான் என்றான். தெரிந்த முகம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்ட்ரூவும் தெரிந்த முகம்தான். அந்தப் பையன் நடுங்கியது தெரிந்த முகத்தைப் பார்த்து. கடைசியில் மகள் குடும்பத்தின் பங்கில் விழுந்து, ஒரு மாதம் கழித்து பால்டிமோர் திரும்பினார். சீட்டு வேறு மாதிரி விழுந்திருந்தால் நாம் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

சரி, அந்தப் பட்டியல் எப்படி உருவாகும் என்று பார்ப்போம். ஒருவர் இறந்ததும் கவுண்டி நீதிமன்றம் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மூன்று நான்கு பேரை மதிப்பீட்டாளர்களாக நியமிக்கும். அவர்கள் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். கூடம், சமையலறை, கொட்டகை, வயல் என்று நடந்துகொண்டே போவார்கள், எழுத்தர் பின்னால் எழுதிக்கொண்டே வருவார். பட்டியலின் வரிசை பல சமயம் அவர்கள் நடந்த வரிசைதான். நீங்கள் பார்த்ததில் இறகு மெத்தைக்கு அடுத்து அந்தப் பெண் வருகிறார் என்றால், அவர் வீட்டுக்குள் வேலை செய்தவராக இருக்கலாம். வயலாட்கள் பெரும்பாலும் தனிக் கூட்டமாக வருவார்கள். முதலில் திடமான ஆண்கள், பிறகு பெண்கள், சிறுவர்கள், கடைசியில் முதியவர்கள். கைக்குழந்தைக்குத் தனி விலை கிடையாது, தாயோடு சேர்த்து ஒரே தொகை. வேலை செய்ய முடியாத கிழவிக்கு எதிரே பூஜ்யம் இருக்கும். சில பட்டியல்களில் அதற்கும் கீழே போய், இவரைப் பராமரிக்க எஸ்டேட்டுக்கு, அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கு, இவ்வளவு செலவு என்று எழுதியிருப்பார்கள். ஐம்பது அறுபது வருஷம் உழைத்த ஒருவர் கடைசியில் கணக்கில் பற்று.

தனியாக எழுத வழியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் அவர்களைத் தனியாகப் பார்க்கவே இல்லை. வர்ஜீனியாவில் 1705-ல் ஒரு சட்டம் வந்தது. வாரிசு விஷயத்தில் அடிமைகள் நிலத்தைப் போல அசையாச் சொத்து என்றது. பண்ணை ஆள் இல்லாமல் தரிசாகிவிடக் கூடாது, நிலமும் உழைப்பும் ஒரே வாரிசிடம் சேர்ந்தே போகட்டும் என்று பெரிய குடும்பங்கள் விரும்பின. ஆனால் கடன்காரன் வந்து நின்றால் அதே அடிமைகள் அசையும் சொத்து, பிடித்து விற்கலாம். அந்த நூற்றாண்டின் கடைசியில் வர்ஜீனியா இதைக் கைவிட்டு எல்லாவற்றுக்கும் அசையும் சொத்து என்றே வைத்துக்கொண்டது. லூசியானாவில் அசையாச் சொத்தாகவே நீடித்தார்கள். ஒரு மனிதன் வீடா, மாடா என்பதுதான் நூறு ஆண்டுகள் சட்டசபைகளிலும் நீதிமன்றங்களிலும் நடந்த வாதம். மனிதனா என்ற கேள்வி கொலை, திருட்டுக்காக அவனைத் தூக்கில் போடும்போது மட்டும் எழுந்தது.

இதற்கெல்லாம் அடியில் கிடப்பது 1662-ல் வர்ஜீனியா போட்ட இன்னொரு சட்டம். குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தை தகப்பன் வழிதான். அதை வேண்டுமென்றே மாற்றினார்கள். வெள்ளைக்கார எஜமானுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தை, தகப்பனுக்கே சொத்தாகிவிடும். அதனால்தான் உயில்களில், இன்ன பெண்ணையும் இனி அவளுக்குப் பிறக்கும் பெருக்கத்தையும் என் மகளும் அவள் வாரிசுகளும் என்றென்றைக்கும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று வரும். புத்திர பௌத்திர பாரம்பரியமாக என்று நீங்கள் எழுதுவீர்களே, அங்கே அனுபவிப்பவர்களுக்கும் பாரம்பரியம், அனுபவிக்கப்படுபவர்களுக்கும் பாரம்பரியம். வயிற்றில் இருக்கும் குழந்தையை ஒரு மகளுக்கும், தாயை இன்னொரு மகளுக்கும் எழுதி வைத்த உயில்கள்கூட உண்டு. முன்னாள் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் 1820-ல் தன் மருமகனுக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு வருஷத்துக்கு ஒரு குழந்தை பெறுகிற பெண் பண்ணையின் மிகச் சிறந்த ஆணைவிட லாபம், அவள் தருவது மூலதனத்தோடு சேர்கிறது என்கிறார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில், எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்று எழுதிய அதே கை.

அன்பான மொழி பற்றிச் சொன்னீர்கள். அந்த அன்பு உண்மையானதுதான், நான் மறுக்கவில்லை. மகள் மீது உள்ள அன்பு அது. நிலத்தை மகன்களுக்கு வைத்துவிட்டு மகள்களுக்கு அடிமைகளைக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. கல்யாணமாகி வேறு மாநிலத்துக்குப் போனாலும் கூட அழைத்துப் போகலாம், புருஷன் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். அந்த அன்பு எலன் கிராஃப்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பாருங்கள். ஜார்ஜியாவில் பிறந்தவர், தகப்பன் அவருடைய எஜமானேதான். தோல் மிகவும் வெளுத்திருந்ததால் வருகிறவர்கள் எல்லாம் அவரை அந்த வீட்டுப் பிள்ளை என்று நினைத்தார்கள், எஜமானிக்கு அது பொறுக்கவில்லை. 1837-ல் தன் மகளின் கல்யாணத்துக்குப் பரிசாக எலனைக் கொடுத்து வீட்டை விட்டு அனுப்பினாள். எலனுக்கு அப்போது 11 வயது. பரிசு வாங்கிய மணப்பெண் எலனின் அக்கா, ஒரே தகப்பன். தாய் பழைய வீட்டிலேயே நின்றுவிட்டார். எந்தச் சந்தையும் ஏலமும் இல்லாமல், முழுக்க முழுக்க குடும்பத்துக்குள்ளேயே நடந்தது இது.

வாஷிங்டன் விஷயத்துக்கு வருகிறேன். 1799 கோடையில், உயிலுக்காக, அவர் தன் பண்ணையான மவுண்ட் வெர்னனின் அடிமைகள் எல்லோரையும் தன் கையாலேயே பட்டியல் எழுதினார். மொத்தம் 317 பேர். பெயர், வேலை, வயது, யாருக்கு யார் மனைவி, கணவன் எந்தப் பண்ணையில் இருக்கிறான் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எழுதி, நடுவே இரண்டு பத்திகளாகப் பிரித்தார். ஒரு பக்கம் தனக்குச் சொந்தமானவர்கள் 123 பேர். இன்னொரு பக்கம் மனைவி மார்த்தாவின் வழியாக வந்தவர்கள் 153 பேர். மீதிப் பேர் பெரும்பாலும் பக்கத்துப் பண்ணையிலிருந்து வாடகைக்கு எடுத்தவர்கள். மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-ல் உயில் எழுதாமல் இறந்தார். விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஆயுள் அனுபோகம் மட்டும். மார்த்தாவோ வாஷிங்டனோ அவர்களை விற்க முடியாது, விடுவிக்கவும் முடியாது. மார்த்தா இறந்ததும் அவர்கள் கஸ்டிஸ் வாரிசுகளுக்குப் போய்விட வேண்டும்.

இரண்டு பத்திகளிலும் இருந்தவர்கள் நாற்பது வருஷமாக ஒரே பண்ணையில் வாழ்ந்து ஒருவரை ஒருவர் மணந்திருந்தார்கள். தச்சர் ஐசக் வாஷிங்டனுக்குச் சொந்தம். அவர் மனைவி, பால்வேலை பார்த்த கிட்டி, கஸ்டிஸ் சொத்து. தாய் வழிச் சட்டப்படி அவர்களுடைய ஒன்பது பெண்களும் கஸ்டிஸ் சொத்து. 1801 ஜனவரி 1 அன்று ஐசக் சுதந்திர மனிதர். 1802-ல் மார்த்தா இறந்ததும் கஸ்டிஸ் அடிமைகளை நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தார்கள். வாஷிங்டனுக்கு இப்படி நடக்கும் என்று தெரியும். இரண்டு கூட்டமும் கலந்திருப்பதால் பிரிவு மிகுந்த வேதனை தரும் என்று உயிலிலேயே எழுதியிருக்கிறார். விடுதலையை மனைவியின் மரணம்வரை தள்ளிப்போட்டதற்கே அதுதான் அவர் சொன்ன காரணம். மார்த்தாதான் அதற்கு முன்பே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் சாவதில் 123 பேருக்கு லாபம் இருக்கிற வீட்டில் அவருக்குத் தூக்கம் வருமா?

ஓனா ஜட்ஜையும் சொல்லியாக வேண்டும். மார்த்தாவின் அந்தரங்கப் பணிப்பெண், கஸ்டிஸ் பத்தியில் இருந்தவர். வாஷிங்டன் ஜனாதிபதியாக பிலடெல்பியாவில் இருந்தபோது, மார்த்தா தன் பேத்தி எலிசாவுக்கு இவரைக் கல்யாணப் பரிசாகத் தரப்போகிறாள் என்பது இவர் காதில் விழுந்தது. பேத்தி சிடுமூஞ்சி என்று வீடே அறியும். 1796 மே மாதம், எஜமானும் எஜமானியும் சாப்பாட்டு மேஜையில் இருந்த நேரம் பார்த்து ஓனா வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சுதந்திரமான மாலுமியை மணந்து மூன்று குழந்தைகள் பெற்றார். சட்டப்படி அந்தக் குழந்தைகளும் கஸ்டிஸ் எஸ்டேட் சொத்து! அவர்கள் வர்ஜீனியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தகப்பன் சுதந்திர மனிதன். ஆனாலும் 1757-ல் இறந்த ஒருவரின் சொத்தில் அவர்களும் சேர்த்தி. 1848-ல் ஓனா இறந்தபோதும் அந்த உரிமையை யாரும் ரத்து செய்திருக்கவில்லை. கடைசிக் காலத்தில் வறுமையில் இருந்தவரிடம் ஒரு பாதிரியார், அங்கே இதைவிட வசதியாக இருந்தீர்களே, வந்ததற்கு வருத்தமா என்று கேட்டார். இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார்.

இனி, நான் உங்களிடம் குறிப்பாகச் சொல்ல நினைத்த விஷயம். உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இது மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். நம் ஊரில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது எதற்குச் சண்டை வரும்? சமமாக இல்லை என்றுதானே? தென் மாநிலங்களின் நீதிமன்றங்கள் அதில் மிகுந்த கவனத்தோடு இருந்தன. பிள்ளைகளுக்குள் ஒரு டாலர்கூட ஏறவோ குறையவோ கூடாது. அந்த நியாயம்தான் குடும்பங்களை அறுத்தது.

சும்மா ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். மூன்று வாரிசுகள், பத்து அடிமைகள், மொத்த மதிப்பு 3,000 டாலர். ஆளுக்கு 1,000. பத்துப் பேரில் ஒரு குடும்பம் இருக்கிறது. கணவன் 600, மனைவியும் கைக்குழந்தையும் 550, பத்து வயதுப் பையன் 300, எட்டு வயதுப் பெண் 250. எல்லோரும் சேர்ந்து 1,700 ஆகிறது, ஒரே பாகத்தில் அடங்காது. தகப்பனை எடுத்து வேறு பாகத்தில் வைக்கிறோம். தாயும் பிள்ளைகளும் இப்போது 1,100. இன்னும் 100 கூடுதல். எட்டு வயதுப் பெண்ணை எடுத்துவிட்டு, 150 டாலர் போட்டிருக்கும் ஒரு கிழவரை அங்கே சேர்த்தால் பாகம் கச்சிதமாக 1,000. யாருக்கும் யார் மீதும் பகை இல்லை, அங்கே நின்று கணக்குப் போடுகிறவர் வீட்டில் நல்ல மனிதராகவும் இருக்கலாம். பிறகு பாகங்களைச் சீட்டில் எழுதித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வாரிசுகளில் ஒருவர் அலபாமாவில் இருந்தால் அந்தப் பெண் அலபாமாவுக்கு நடக்க வேண்டியதுதான். வாரிசுகள் மைனராக இருந்தால் கார்டியன் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அடிமைகளை அதிக வாடகை கேட்பவனுக்கு ஒரு வருஷத்துக்கு விடுவார். மைனர் பிள்ளைக்கு வருமானம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவருடைய சட்டக் கடமை, குறைந்தால் நீதிமன்றம் அவரைக் கேட்கும்.

பாகத்துக்கு அப்புறம் சந்தை. இரண்டும் வேறு வேறு என்று நீங்கள் நினைத்தீர்கள், ஒன்றுக்கு இன்னொன்று வாசல். அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான மேஜர் பியர்ஸ் பட்லர் தன் ஜார்ஜியா பண்ணைகளைப் பேரன்களுக்கு விட்டுப் போனார். ஒரு பேரன் இறந்துவிட, 1859-ல் அங்கிருந்த சுமார் 900 பேரை இறந்தவரின் எஸ்டேட்டுக்கும் உயிரோடு இருந்த பேரனுக்கும் இரண்டாகப் பிரித்தார்கள். இந்தப் பேரன், அவர் பெயரும் பியர்ஸ் பட்லர், சூதாடிக் கடனில் மூழ்கியவர். அவர் பங்கில் வந்தவர்கள் சவானா நகரத்தின் குதிரைப் பந்தய மைதானத்துக்குக் கொண்டுவரப்பட்டு, குதிரை லாயங்களில் அடைக்கப்பட்டார்கள். மார்ச் 2, 3 தேதிகளில் ஏலம். கேட்டலாக்கில் இருந்தவர்கள் 436 பேர். வசூல் 3,03,850 டாலர்.

அந்த ஏலத்தில் குடும்பங்களைப் பிரிக்க மாட்டோம் என்று விதி இருந்தது. எஜமானின் நல்ல மனது என்று அதைப் பாராட்டியவர்கள் உண்டு. ஜெஃப்ரி என்று ஒரு 23 வயது இளைஞன், எண் 319. அவன் காதலித்த டோர்கஸ், எண் 278. கல்யாணம் ஆகாததால் விதிப்படி அவர்கள் குடும்பம் இல்லை. ஜெஃப்ரி முதலில் விற்கப்பட்டான். புது எஜமானிடம் போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, டோர்கஸையும் வாங்கும்படி கெஞ்சினான். எப்படிக் கெஞ்சினான் என்று அங்கே மறைவாக வந்திருந்த நியூயார்க் பத்திரிகைக்காரர் எழுதியிருக்கிறார். நல்ல உயரம் ஐயா, கை நீளம், நல்ல ஆரோக்கியம், நெல் வயலில் அவளைப் போல வேலை செய்ய ஆள் இல்லை, 1,200 டாலர் தாராளமாகப் போகும் என்று சொன்னானாம். தான் நேசித்த பெண்ணுக்குத் தானே மதிப்பீட்டாளராக நின்றிருக்கிறான். எஜமானும் சம்மதித்தார். மறுநாள் பார்த்தால் டோர்கஸ் நான்கு பேர் கொண்ட குடும்பமாகத்தான் விற்கப்படுவாள், குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்ற அதே விதியால். மற்ற மூன்று பேர் அவருக்கு வேண்டாம். அத்தோடு முடிந்தது. ஏலம் முடிந்ததும் பட்லர் விற்கப்பட்டவர்கள் கையில் ஆளுக்கு ஒரு டாலர், புத்தம்புதுக் காசுகளாகக் கொடுத்தார்.

இதைப் படித்துவிட்டு என்னால் நல்ல எஜமான் என்ற பேச்சைக் கேட்க முடிவதில்லை.

மற்றவர்களுக்கு என்ன தடை என்று கேட்டீர்கள். சட்டத் தடைகள் இருந்தன. வர்ஜீனியாவில் 1806 முதல், விடுதலை பெற்றவர் ஒரு வருஷத்துக்குள் மாநிலத்தை விட்டுப் போய்விட வேண்டும். கடன் இருந்தால் உயிலில் எழுதிய விடுதலை செல்லாது, கடன்காரனுக்குத்தான் முதல் உரிமை. ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று இறந்தபோது ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன். உயிலில் அவர் விடுவித்தது ஐந்தே பேர். அவர்களில் ஒருவர் கொல்லர் ஜோ ஃபாசெட். விடுதலை ஒரு வருஷம் கழித்து அமலுக்கு வரும் என்று எழுதியிருந்தது. இடையில், 1827 ஜனவரியில், ஜெஃபர்சனின் பண்ணையான மான்டிசெல்லோவில் 130 பேரை விற்பதாக விளம்பரம் வந்தது. ஜோவின் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் அந்த ஏலத்தில் வெவ்வேறு பேருக்குப் போனார்கள். ஈடித் ஜனாதிபதி மாளிகையில் பிரெஞ்சுச் சமையல் கற்று, ஜெஃபர்சனின் கடைசி நாள்வரை அவருக்குச் சமைத்துப் போட்டவர்.

ஆனால் தடை என்ற சொல்லுக்குப் பின்னால் அவர்கள் எல்லோரும் ஒளிந்துகொள்ள நான் விடமாட்டேன். அதே வர்ஜீனியாவில், ஜெஃபர்சன் காலத்திலேயே, ராபர்ட் கார்ட்டர் என்ற பெரும் பண்ணையார் இருந்தார். பாட்டன் சொத்து, எக்கச்சக்கமான நிலம். அவர் உயில்வரை காத்திருக்கவில்லை. 1791-ல், உயிரோடு இருக்கும்போதே, நீதிமன்றத்தில் ஒரு பத்திரம் பதிவு செய்து 450-க்கும் மேற்பட்டவர்களைப் படிப்படியாக விடுவிக்க ஏற்பாடு செய்தார். அக்கம்பக்கத்தார் ஆத்திரப்பட்டார்கள், குடும்பத்துக்குள்ளேயே எதிர்ப்பு. ஆனாலும் நடந்தது. முடியாத காரியம் இல்லை.

குடும்பங்களைச் சேர்த்து வைக்க நினைத்தவர்கள் யாருமே இல்லையா என்ற கேள்விக்கு, நீங்கள் உரிமையாளர்கள் பக்கமே தேடுகிறீர்கள் என்பதுதான் என் பதில். பட்டியலில் பெயர் இருந்தவர்கள் பக்கம் பாருங்கள். ஜோ ஃபாசெட் விடுதலை கிடைத்ததும் பட்டறை வைத்து உழைத்து, உறவினர்களின் உதவியோடு மனைவியையும் சில பிள்ளைகளையும் பணம் கொடுத்து மீட்டார். ஏலத்தன்று 11 வயதாக இருந்த மகன் பீட்டர் பல வருஷம் கழித்து வந்து சேர்ந்து, சின்சினாட்டியில் பாதிரியார் ஆனார்.

அடிமைத்தனத்திலிருந்து தப்பி, பிறகு பலரையும் தப்புவித்த ஹாரியட் டப்மனின் குடும்பம் இன்னொன்று. மேரிலாந்தின் டார்செஸ்டர் கவுண்டி. டப்மனின் தாய் ரிட் சிறுமியாக இருந்தபோது, அவருடைய எஜமான் ஆத்தோ பாட்டிசன் உயிலில் அவரைத் தன் பேத்தி மேரிக்கு எழுதி வைத்தார். ரிட்டும் அவருக்குப் பிறப்பவர்களும் 45 வயதுவரை மட்டும் உழைக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இருந்தது. 1797-ல் பாட்டிசன் இறந்தார். ரிட்டுக்கு 45 வயது ஆனபோது யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவருடைய மூன்று பெண்களை வெளி மாநிலத்துக்கு விற்றிருந்தார்கள், உயிலின்படி அது கூடவே கூடாது. பிற்காலத்தில் டப்மன், அடிமையாக இருந்தபோதே, தன் கையிலிருந்து ஐந்து டாலர் கொடுத்து ஒரு வக்கீலிடம் பழைய உயிலைத் தேடிப் பார்க்கச் சொன்னார். வக்கீல் பல வருஷம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் வேண்டாம் என்றார். இன்னும் கொஞ்சம் பின்னால் போங்கள் என்றார் டப்மன். அங்கே உயில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், தன் குடும்பத்தின் மூலப்பத்திரத்தை வில்லங்கம் பார்க்கச் செய்திருக்கிறார்! வழக்குப் போட அவருக்கு வழி இல்லை. ஆனால் ஏமாற்றப்பட்டது தெரிந்துவிட்டது.

1849 மார்ச்சில் அப்போதைய எஜமான் எட்வர்ட் பிராடஸ் கடனோடு இறந்தார். விதவை எலைசா கடனை அடைக்க ஆட்களை விற்க நீதிமன்றத்தின் அனுமதி கேட்டார். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான் டப்மன் தப்பி ஓடினார். பல புத்தகங்கள் இந்த ஓட்டத்தைச் சுதந்திர தாகம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகின்றன. அவரைத் துரத்தியது ஒரு எஸ்டேட் கணக்கு.

அடுத்த வருஷம், 1850 டிசம்பரில், விற்கப்பட்ட அக்கா லினாவின் மகள் கெசையாவை இரண்டு குழந்தைகளோடு அதே டார்செஸ்டர் கவுண்டியின் கேம்பிரிட்ஜ் ஊர் நீதிமன்ற வாசலில் ஏலத்துக்கு நிறுத்தினார்கள். கெசையாவின் கணவர் ஜான் பௌலி சுதந்திரமான கறுப்பினத்தவர், கப்பல் தச்சர். கூட்டத்தில் நின்று அவரும் ஏலம் கேட்டார், ஏலம் அவர் பெயரில் முடிந்தது. ஏலக்காரர் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்து பணத்தைக் கேட்டால், பணம் கட்ட யாரும் முன்வரவில்லை. திரும்பவும் ஏலம் தொடங்கலாம் என்று பார்த்தால் கெசையாவையும் குழந்தைகளையும் காணோம். பக்கத்திலேயே ஒரு வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள். இருட்டியதும் பௌலி மூன்று பேரையும் ஒரு சின்னப் படகில் ஏற்றி, டிசம்பர் குளிரில் செசபீக் விரிகுடாவில் பால்டிமோர்வரை ஓட்டிக்கொண்டு போனார். அங்கே டப்மன் காத்திருந்தார். பிறகு அந்தக் குடும்பம் கனடாவில் போய்க் குடியேறியது.

அன்புடன்.